அகலமான முன்குறி

ஐந்து மில்லிமீற்றர் அகலமான ஓர் இரும்புத் துண்டுக்காக நான் லண்டனில் மூன்று ஆண்களோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். ஒருவர் என் கணவர். இன்னொருவர் எங்கள் கழகத்தின் கப்டன். மற்றது, மலேசியாவிலிருந்து படிக்க வந்து இங்கேயே எஞ்சினியர் வேலையில் அமர்ந்துவிட்ட ஒரு தமிழ்த் தம்பி. மூன்று பேரிடமும் நான்தான் வென்றேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தன்னடக்கம் எனக்குச் சரிவராது.

தொண்ணூறுகளின் முற்பகுதி அது. நாங்கள் நோர்பரியில் இருந்தோம். மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கும் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. வட்டமாக வரும் லென்ஸை ஃபிரேமுக்குப் பொருந்துகிற மாதிரி ஓரம் தேய்த்துக் கொடுப்பேன். தொழிற்சாலையின் பின்பக்கத்தில் நீளமான ஒரு மண்டபம் இருந்தது. செவ்வாய்க்கிழமை மாலைகளில் அங்கே பிஸ்டல் கழகம் கூடும். பயந்துவிடாதீர்கள், எல்லாம் காற்றுப் பிஸ்டல். அழுத்திய காற்று ஒரு சின்ன ஈயக் குண்டைத் தள்ளும். பத்து மீற்றர் தள்ளி ஒரு கடதாசி அட்டை, அதன் நடுவில் கறுப்பு வட்டம். ஓர் அட்டைக்குப் பத்துச் சூடு, ஒவ்வொன்றுக்கும் ஆகக்கூடியது பத்துப் புள்ளி.

நான் அங்கே போனது சுடுவதற்கு அல்ல, தேநீர் ஊற்றுவதற்கு. வழமையாக ஊற்றுகிற அம்மாவுக்கு ஒருநாள் சுகமில்லை. என்னைக் கேட்டார்கள், போனேன். போட்டி முடிந்த பிறகு கப்டன் நன்றி சொல்லுகிற தோரணையில் பிஸ்டலை என் கையில் தந்து, ஐந்து தரம் சுட்டுப் பார் என்றார். அவர் எங்கள் தொழிற்சாலையிலேயே போர்மனாக இருப்பவர். அறுபதைத் தாண்டிய வெள்ளைக்காரர், நல்ல மனிதர், ஆனால் தனக்குத் தெரியாத ஒன்று உலகத்தில் இருக்கலாம் என்று நினைக்காதவர். ஐந்தில் மூன்று கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தது. அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை தேநீரை அவர்களையே ஊற்றிக் குடிக்கச் சொல்லிவிட்டு நான் வரிசையில் போய் நின்றேன்.

வீட்டில் சொன்னபோது என் கணவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"துவக்குக்குப் பயந்துதானே ஊரை விட்டு ஓடி வந்தனாங்கள்? நீர் இஞ்சை வந்து துவக்குத் தூக்கப் போறீரோ?"

"அங்கை அவங்கள் எங்களுக்கு நேர நீட்டினவங்கள். இஞ்சை நான் கடதாசிக்கு நேரதானே நீட்டிறன்."

"சனம் என்ன சொல்லும்?"

"சனத்துக்கு ஆர் சொல்லப் போகினம்? நான் பட்மின்ரன் விளையாடப் போறன் எண்டு சொல்லுங்கோ."

அப்படித்தான் மூன்று வருடம் சொன்னோம். எங்கள் பகுதித் தமிழ்ப் பெண்கள் என்னைக் காணும்போதெல்லாம் பட்மின்ரன் ஆடியும் உடம்பு குறையவில்லையே என்று கவலைப்பட்டார்கள். என் கணவர் செவ்வாய்க்கிழமைகளில் என்னைக் காரில் கொண்டுவந்து இறக்குவார், முடியும்வரை காருக்குள்ளேயே பேப்பர் வாசித்துக்கொண்டிருப்பார், மண்டபத்துக்குள் மட்டும் காலடி எடுத்து வைக்கமாட்டார். அந்தப் பிடிவாதம் எனக்கு எரிச்சலாக இருந்தது. எத்தனையோ தரம் கேட்டு, பிறகு கேட்பதை விட்டுவிட்டேன்.

இனி அந்த இரும்புத் துண்டு. பிஸ்டலின் பின்பக்கத்தில் சதுரமாக வெட்டிய ஒரு பள்ளம் இருக்கும். குழலின் முன் நுனியில் ஒரு சின்னத் தகடு நிமிர்ந்து நிற்கும். ஆங்கிலத்தில் எல்லாரும் ஃபிரண்ட் சைட் என்பார்கள், நான் எனக்குள் முன்குறி என்று பெயர் வைத்திருந்தேன். சுடும்போது அந்த முன்குறி பள்ளத்தின் நடுவில் நிற்கவேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் தெரியவேண்டும், தலைமட்டமும் ஒன்றாக இருக்கவேண்டும். கண் பார்க்கவேண்டியது முன்குறியைத்தான். தூரத்துக் கறுப்பு வட்டம் மங்கலாகத் தெரிந்தால் போதும். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் அட்டையைப் பார்த்துச் சுட்டுத்தான் கெட்டுப்போவார்கள்.

எனக்கு நாற்பத்து நான்கு வயதானபோது வெள்ளெழுத்து வந்தது. ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை என்பது பெரிய விஷயமில்லை, கடையில் தைக்கக் கொடுக்கலாம். முன்குறி மங்கிப் போனதைத்தான் தாங்க முடியவில்லை. மூன்று மில்லிமீற்றர் அகலமான கறுப்புத் தகடு, கரையெல்லாம் கரைந்து சாம்பல் நிறமாகத் தெரிந்தது. என் புள்ளிகள் கிழமைக்குக் கிழமை இறங்கின.

அதுவும் எந்த நேரத்தில்? குளிர்கால லீக்குக்கு நான்கு பேர் கொண்ட அணியைத் தெரிவு செய்கிற நேரத்தில். மூன்று பேர் நிச்சயம். நான்காவது இடம் எனக்கா மலேசியத் தம்பிக்கா என்பதுதான் கேள்வி. ஒக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அறுபது சூடு சுடவேண்டும், கூடுதல் எடுத்தவர் அணியில் என்று கப்டன் அறிவித்தார். அந்தக் கழகத்தின் அணியில் அதுவரை ஒரு பெண் இருந்ததில்லை. "நீ அணியில் வராவிட்டாலும் பரவாயில்லை, போட்டிகளுக்கு எங்களோடு வரலாம்" என்று என்னைத் தேற்றினார். எதற்கு வரலாம் என்று எனக்கு விளங்கியது. தேநீர்ப் பாத்திரம் அந்த மூலையிலேயேதான் இருந்தது.

அந்த இடம் எனக்கு வேண்டும். அதை மறைக்க என்ன இருக்கிறது? இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் அகதியின் மனைவி, விண்ணப்பத்தில் இன்னாரைச் சார்ந்திருப்பவர், ஷிப்டில் ஓர் ஆள். இவள் கெட்டிக்காரி என்று பார்த்து என்னை ஒருவரும் எதற்கும் தெரிவு செய்ததில்லை. பலகையில் ஒட்டும் அந்த நான்கு பெயரில் என் பெயர் இருக்கவேண்டும் என்று ஒரு வெறியே பிடித்திருந்தது. நாற்பத்து நான்கு வயதில் இது வெட்கமான ஆசைதான். இருந்துவிட்டுப் போகட்டும்.

கண் மங்குகிறது என்று கப்டனிடம் சொன்னேன். அவரிடம் ஒரு புகையிலைத் தகரம் இருந்தது. அதற்குள் விதவிதமான அகலத்தில் முன்குறிகள். கிளறி, இரண்டரை மில்லிமீற்றரில் ஒன்றை எடுத்துத் தந்தார்.

"மெல்லியதாகப் போடு. மெல்லியது என்றால் துல்லியம். நான் இருபது வருடமாக மெல்லியதுதான் போடுகிறேன்."

மலேசியத் தம்பியும் பக்கத்தில் நின்று தலையாட்டினான். "ஆமா அக்கா, மெல்லிசா இருந்தாத்தான் வட்டத்தை மறைக்காது. நானும் அதான் போட்டிருக்கேன்." அவனுக்கு இருபத்தெட்டு வயது. அந்தக் கண்ணுக்கு எதைப் போட்டாலும் தெரியும்.

இரண்டு கிழமை அவர்கள் சொன்னதைக் கேட்டேன். அந்த மெல்லிய தகடு என் கண்ணுக்குப் பள்ளத்தின் நடுவில் ஒரு நூலாக ஆடியது. சில நேரம் இரண்டாகத் தெரிந்தது, சில நேரம் இல்லவே இல்லை. வாசிக்கிற கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். கையிலுள்ள ரேகை தெரிந்தது, நீட்டிய கையின் நுனி தெரியவில்லை. கையின் நுனிக்கென்று அளந்து ஒரு லென்ஸ் நானே தேய்த்துப் போட்டேன். பாதி சரிவந்தது. மிச்சப் பாதிக்கு முன்குறியைத்தான் மாற்றவேண்டும் என்று தெரிந்துவிட்டது.

நான் கண்ணாடித் தொழிற்சாலைக்காரி. நாள் முழுக்க மங்கல் என்பதோடு வேலை செய்கிறவள். மங்கல் ஒரு பொருளின் கரையைத்தான் தின்னும். மெல்லிய பொருளென்றால் இரண்டு கரையும் தின்னப்பட்டு நடுவில் ஒன்றும் மிஞ்சாது. அகலமான பொருளுக்கு எவ்வளவு தின்றாலும் நடுவில் கறுப்பு இருக்கும். இதைக் கண்டுபிடிக்க இருபது வருடம் தேவையில்லை. கப்டனின் தகரத்திலிருந்து நாலு மில்லிமீற்றரைக் கேட்டு வாங்கிப் போட்டேன். தேறியது. அதைவிட அகலமானது இருக்கிறதா என்றேன். அப்படி ஒன்றை ஒருவரும் கேட்டதே இல்லை என்று சிரித்தார்.

கோபம் வந்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. நாலு நாள் மதிய இடைவேளையில் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு, ஓர் இரும்புத் துண்டை எடுத்து, சின்ன அரத்தால் அராவினேன். லென்ஸின் கனம் அளக்கிற கருவியால் அளந்து அளந்து பார்த்தேன். அடியில் பூட்டுகிற இடம் பழைய தகட்டின் அச்சு. மேலே நிமிர்ந்து நின்றது ஐந்து மில்லிமீற்றர். கொண்டுபோய்ப் பூட்டியதும் மண்டபத்தில் நல்ல பகிடி.

"அக்கா, இது என்ன, பலகையா?" என்றான் தம்பி. கப்டன் எட்டிப் பார்த்துவிட்டு, இதை வைத்துச் சுட்டால் மண்டபத்தின் சுவரைத் தவறவிடமாட்டாய் என்றார். வீட்டில் என் கணவர் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, "உது படலையெல்லோ? ஆடு மாடு வராமல் கட்டப் போறீரோ?" என்று கேட்டார்.

முதல் அட்டை படு மோசம். பள்ளம் முழுவதையும் தகடு அடைத்துக்கொண்டது, பக்கத்தில் வெளிச்சமே இல்லை. எல்லாரும் சொன்னது சரியோ என்று ஒருதரம் யோசித்தேன். பிறகு பின்பக்கத்துத் திருகாணியைத் திருகிப் பள்ளத்தையும் அகலப்படுத்தினேன். அதன் பிறகு என் கண்ணுக்கு முன்னால் ஒரு கறுப்புத் தூண், இரண்டு பக்கமும் இரண்டு வெள்ளைக் கோடு. எவ்வளவு தெளிவு! அழுகை வந்துவிட்டது, உண்மையாகத்தான் சொல்கிறேன். மூன்று செவ்வாய்க்கிழமை ஒவ்வோர் அகலத்திலும் பத்துப் பத்தாகச் சுட்டு அட்டைகளை வீட்டில் பரப்பி வைத்துப் பார்த்தேன். மெல்லியதில் ஓட்டைகள் அட்டை முழுக்க. ஐந்தில் எல்லாம் ஒரு கொத்தாக நடுவில். ஒருவருக்கும் காட்டவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்தேன், அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

கப்டன் குறித்த செவ்வாய்க்கிழமை விஜயதசமியில் வந்து விழுந்தது. முதல் நாள் எங்கள் வீட்டில் ஆயுத பூசை. வேலைக்கு உதவுகிற சாமான் எல்லாவற்றையும் படத்துக்கு முன்னால் வைத்து, சந்தனம் குங்குமம் தொட்டு, மறுநாள் காலைவரை கை வைக்காமல் விடுவது வழக்கம். தையல் மெசின், கார்த் திறப்பு, அவருடைய ஸ்குறூ டிரைவர்கள், என் அரம் எல்லாம் இருந்தன. பிஸ்டல் பெட்டியையும் ஓரத்தில் வைத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு விளக்குக்கு எண்ணெய் விட்டார். மறுநாள் விடிய வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் பெட்டியைத் திறந்து பார்க்காமல் அப்படியே தூக்கிக்கொண்டு போனேன்.

மாலை ஏழு மணிக்கு மண்டபத்தில் பெட்டியைத் திறந்தேன். என் முன்குறியில் சந்தனம் கட்டியாகக் காய்ந்துபோய் இருந்தது. அதன் நடுவில் வடிவாக ஒரு குங்குமப் பொட்டு.

நகத்தால் சுரண்டினேன். சந்தனம் வந்தது. அதோடு கறுப்பும் வந்தது. ஞாயிற்றுக்கிழமைதான் அவசரத்தில் கறுப்புப் பெயின்ற் ஒரு பூச்சுப் பூசியிருந்தேன். இரவு முழுக்க ஈரச் சந்தனம் ஊறிப் பெயின்ற்றைக் கிளப்பிவிட்டது. உள்ளேயிருந்த இரும்பு பளபளவென்று மின்னியது. கையை நீட்டிப் பார்த்தால் மேலே எரிகிற குழல் விளக்கு தகட்டில் பட்டுக் கண்ணைக் கூசியது. தலைமட்டம் எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. தொடங்க அரை மணித்தியாலம்தான் இருந்தது.

கப்டன் புகையிலைத் தகரத்தை எடுத்துக்கொண்டு வந்தார். மூன்று மில்லிமீற்றரை நீட்டி, "இதைப் போடு, நல்லபடியாக முடித்துவிடலாம்" என்றார். நல்லபடியாக என்றால் நான் தோற்பது.

தம்பி கிட்ட வந்து தணிந்த குரலில், "அக்கா, அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைக்கச் சொல்லுங்க. நான் ஒத்துக்கிறேன்" என்றான். நல்ல மனம்தான். ஆனால் அவன் விட்டுக்கொடுத்து எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று தோன்றியது. "நான் இண்டைக்கே சுடுறன் தம்பி" என்று சொல்லிவிட்டு, தகட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு கார் நிற்கிற இடத்துக்கு ஓடினேன்.

அவர் உள் விளக்கைப் போட்டுப் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்.

"உதில ஆர் சந்தனம் வைச்சது?"

"நான்தான். ஏன்?"

"பிஸ்டலில வேற இடம் கிடைக்கேல்லையோ உங்களுக்கு?"

"எல்லாத்துக்கும் நுனியிலதானே வைக்கிறது?" என்றவர் என் முகத்தைப் பார்த்துத் தடுமாறினார். "நீர் வெல்லவேணும் எண்டுதான் வைச்சனான்."

மூன்று வருடம் காரை விட்டு இறங்காத மனிதர். எனக்குத் திட்டுவதற்கு ஏழெட்டுச் சொல் வாயில் தயாராக இருந்தது. அதைக் கேட்டதும் அத்தனையையும் விழுங்கிவிட்டேன். திரும்பிக் காரின் பின்கதவைத் திறந்தேன். பின் இருக்கையில், அவர் பகல் லூயிஷாம் கோயிலுக்குப் போய்வந்த அர்ச்சனைப் பை கிடந்தது. அதைப் பார்த்ததும் மூளை வேலை செய்தது.

"இஞ்சேருங்கோ, உதுக்குள்ள கற்பூரம் மிச்சம் கிடக்கோ?"

"ஓம், கிடக்கு. ஏன், இனிக் கும்பிட்டு என்ன செய்யிறது?"

"கும்பிட இல்லை. எடுங்கோ கெதியா."

கற்பூரம் எரிந்தால் எவ்வளவு கரி கக்கும் என்று பூசை அறைச் சுவரைக் கழுவிய எந்தப் பெண்ணுக்கும் தெரியும். அந்தக் கரியைவிடக் கறுப்பு உலகத்தில் இல்லை, துளி மினுக்கமும் இராது. காருக்கு வெளியே, பைக்குள் கிடந்த தகரத் தட்டில் இரண்டு கட்டியைக் கொளுத்தினோம். காற்று அணைத்தது. அவர் கோட்டைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு காற்றுக்கு முதுகைக் காட்டிக் குந்தினார். நான் தகட்டைப் புருவம் பிடுங்குகிற சாவணத்தால் பிடித்துச் சுவாலைக்கு மேலே காட்டினேன்.

"ஊதிப்போடாதையுங்கோ!"

"நான் மூச்சே விடேல்லை."

மெல்ல மெல்லத் தகடு கறுத்தது. கடைசியில் இரும்பு என்றே தெரியவில்லை. விரல் பட்டால் கரி போய்விடும் என்பதால் சாவணத்தோடு இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடந்தேன். கதவைத் திறந்துவிட ஓர் ஆள் வேண்டியிருந்தது. அவர் திறந்தார். திருகாணி முடுக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அவர் உள்ளே வந்தார். ஸ்குறூ டிரைவரை வாங்கி முடுக்கினார். பிறகு போய்ச் சுவரோடு இருந்த கதிரையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அறுபது சூடு, ஒன்றரை மணித்தியாலம். முதல் அட்டையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கரிக் கறுப்பில் அந்தத் தகடு நின்ற நிலை! இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு ஒரே அளவு. எண்பத்தொன்பது எடுத்தேன். தம்பி தொண்ணூறு. இரண்டாவதில் நான் முன்னுக்கு, மூன்றாவதில் அவன். நாலாவதில் மீண்டும் நான் ஒரு புள்ளி முன்னால். ஐந்தாவது அட்டையில் தோள் களைத்தது, ஒரு குண்டு ஆறில் போய் விழுந்தது, உடம்பு முழுக்க வியர்த்தது. கையைக் கீழே இறக்கி, ஈயக் குண்டுப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு இருபது மூச்சு எண்ணினேன். வட்டத்தைப் பார்க்காதே, புள்ளியை நினைக்காதே, தகட்டைப் பார் என்று எனக்கு நானே சொன்னேன்.

கடைசி அட்டையில் என் கடைசிச் சூட்டுக்கு முதலே தம்பி முடித்துவிட்டான். மண்டபம் முழுக்க என்னைத்தான் பார்த்தது. கையைத் தூக்கினேன். கறுப்புத் தகடு பள்ளத்துக்குள் வந்து நடுவில் நின்றது. கை ஆடியது, தகடும் கூட ஆடியது, ஆனால் வெளிச்சம் இரண்டு பக்கமும் மாறவில்லை. விரலை மெதுவாக அழுத்திக்கொண்டே இருந்தேன். எப்போது வெடித்தது என்று எனக்கே தெரியாது. அட்டையின் நட்ட நடுவில் ஓட்டை.

"அடி சக்கை!" என்றது சுவர்ப்பக்கம் ஒரு குரல்.

சூட்டு வரிசையில் சத்தம் போடக்கூடாது. கப்டன் திரும்பி முறைத்தார். என் கணவர் தொப்பியால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அட்டைகளைக் கப்டன் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து இரண்டு தரம் பார்த்தார். தம்பி ஐந்நூற்று முப்பத்தொன்று. நான் ஐந்நூற்று முப்பத்து மூன்று. தம்பி ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கி, "அக்கா, அந்தப் பலகை சூப்பர் அக்கா!" என்றான். அவன் சிரிப்பில் கள்ளமில்லை. கப்டன் பலகைக்குப் போய் மூன்று பெயருக்குக் கீழே என் பெயரை எழுதினார். நீளமான பெயர், எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொன்னார். நான் ஒவ்வோர் எழுத்தையும் அவசரப்படாமல், மண்டபத்துக்கே கேட்கச் சொன்னேன். அப்படி ஒரு சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட இருந்ததா என்று தெரியாது, என் கணவர் இதை வாசித்தால் வாசிக்கட்டும்.

எல்லாரும் கலைகிற நேரம் கப்டன் என் மேசைக்கு வந்தார். "ஒருதரம் பார்க்கலாமா?" என்று பிஸ்டலைக் காட்டினார். கொடுத்தேன். கையை நீட்டிப் பார்த்தார். சுடவில்லை. பார்த்துக்கொண்டே நின்றார். வழமையாகப் பத்து விநாடிக்கு மேல் கையைத் தூக்கி வைத்திருக்காதே என்று எங்களைத் திட்டுகிறவர், அரை நிமிடத்துக்கு மேலாகக் கையை இறக்கவில்லை. இறக்கியபோது அவருடைய கண் கலங்கியிருந்தது.

"பத்து வருடமாக நான் முன்குறியைச் சரியாகக் கண்டதில்லை" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். "இருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் சுட்டேன்."

பிறகு பிஸ்டலை என்னிடம் திருப்பி நீட்டிக்கொண்டு, எனக்கும் ஐந்து மில்லிமீற்றரில் ஒன்று செய்து தருவாயா என்று கேட்டார்.

நான் அவருடைய கண்ணைக் கிட்டப் போய்ப் பார்த்தேன், தொழிற்சாலையில் லென்ஸைப் பார்க்கிற மாதிரி.

"உங்களுக்கு ஐந்து காணாது. ஐந்தரை" என்றேன்.